கண்கட்டு வித்தையும் கண்கட்டுச் சோதனையும்

பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு ஜோடி ஒயர். ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர். வேறொன்றுமில்லை. 2007-ம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்குப் போட்ட விலை 7,250 டாலர்!

இதை வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். புகழ்ந்து எழுத விமர்சகர்களும் இருந்தார்கள். அப்போது ஜேம்ஸ் ராண்டி என்பவர் குறுக்கே வந்தார். இவர் ஒரு காலத்தில் மேடையில் மாயவித்தை காட்டியவர். பிறகு சாமியார்களின், மந்திரவாதிகளின் பித்தலாட்டங்களை அம்பலப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர். "இந்த ஒயர் எது, சாதாரண ஒயர் எது என்று கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் பிரித்துச் சொல்லுங்கள், பத்து லட்சம் டாலர் தருகிறேன்" என்று அறைகூவல் விடுத்தார்.

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, கடிதங்கள் பறந்தன, ஒரு தரப்பு மறு தரப்பின் மேல் பழி போட்டது. சோதனை மட்டும் நடக்கவேயில்லை.

இதில் நமக்கென்ன?

"ஏழாயிரம் டாலர் கொடுத்து ஒயர் வாங்குகிறவன் வாங்கட்டும். ஷிப்டு முழுவதும் ரிங் பிரேமுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற எனக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிற என் வீட்டாளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

விஷயம் ஒயரைப் பற்றியதல்ல என்பதே நம் பதில். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பது ஒரு பேச்சு. 'இந்தப் பொருள் உண்மையிலேயே உயர்ந்தது' என்பது வேறொரு பேச்சு. இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிற இடத்தில்தான் வியாபாரி தன் தராசைத் தூக்குகிறான். ஒயருக்கு இது பொருந்தும். குழந்தைக்கு வாங்குகிற டானிக்குக்கும் பொருந்தும். வயலுக்குத் தெளிக்கிற மருந்துக்கும் பொருந்தும். பணக்காரனின் பாட்டுப் பெட்டியில் இந்தக் குழப்பம் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. அதனால் அங்கே பார்ப்போம்.

இரண்டு கட்சிகள்

பாட்டைப் பாடியபடியே, இசைக்கருவியை வாசித்தபடியே வீட்டில் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு 'ஹை-ஃபை' என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. நல்ல ஆசைதான். அதில் குற்றம் காண நாம் வரவில்லை.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஒரு ஆம்ப்ளிபயரைப் பற்றி எழுதினால் அதன் அளவுகளைக் கருவி வைத்து அளந்து எழுதின. ஜே. கோர்டன் ஹோல்ட் என்பவருக்கு இது போதவில்லை. "அளவு கிடக்கட்டும், கேட்டால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். 1962-ல் 'ஸ்டீரியோபைல்' என்ற பத்திரிகையைத் துவக்கினார். 1973-ல் ஹாரி பியர்சன் என்பவர் 'தி அப்ஸொல்யூட் சவுண்ட்' என்ற இன்னொரு பத்திரிகையைத் துவக்கினார். காதே நீதிபதி என்பது இவர்கள் கொள்கை.

கேள்வி சரியான கேள்விதான். பாட்டுப் பெட்டியைக் காதால் கேட்காமல் வேறு எதனால் கேட்பது? ஆனால் நாளடைவில் என்ன ஆயிற்று? விமர்சகருக்குப் பெட்டியின் பெயர் தெரியும், விலை தெரியும், யார் செய்தது என்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்துகொண்டு கேட்டுவிட்டு, "திரை விலகியது போல இருந்தது" என்று எழுதினார். அடுத்த மாதம் அதைவிட விலை கூடிய பெட்டி வரும். இன்னொரு திரை விலகும். இப்படி எத்தனை திரைதான் விலகும்?

மறு கட்சி எழுந்தது. "காதே நீதிபதி என்கிறீர்கள். சம்மதம். அப்படியானால் காதை மட்டும் விசாரிக்க விடுங்கள். கண்ணையும் விலைச்சீட்டையும் கோர்ட்டுக்கு வெளியே நிறுத்துங்கள்" என்றது. இதுதான் கண்கட்டுச் சோதனை.

எடிசன் காட்டிய வேடிக்கை

காதை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. கதையென்றாலும் நடந்த கதை.

1915 முதல் 1925 வரை எடிசன் கம்பெனி அமெரிக்க நகரங்களில் மேடை நிகழ்ச்சிகள் நடத்தியது. ஒரு பாடகியும் ஒரு கிராமபோன் பெட்டியும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பாடகி பாடுவார், நடுவில் நிறுத்துவார், பெட்டி தொடர்ந்து பாடும். சில சமயம் விளக்கை அணைத்து விடுவார்கள். 1916-ல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்திலேயே மேரி ராப்போல்டு என்ற பாடகியை வைத்து இப்படி நடத்தினார்கள். பாடகி எங்கே நிறுத்தினார், பெட்டி எங்கே துவங்கியது என்று சொல்ல முடியவில்லை என்று ஜனங்கள் பிரமித்தார்கள்.

தோழர்கள் கவனிக்க வேண்டும். மின்சார மைக்கில் பாடிப் பதிவு செய்யும் முறை அப்போது வரவில்லை. குழாய்க்குள் கத்திப் பதிவு செய்த தட்டு அது. இன்று அதைக் கேட்டால் சின்னக் குழந்தையும் "இது பழைய பிளேட்டு" என்று சொல்லிவிடும். பிறகெப்படி ஜனங்கள் ஏமாந்தார்கள்? அதில் பாடிய பாடகிகளில் ஒருவரான அன்னா கேஸ் பிற்காலத்தில் உண்மையைச் சொன்னார்: பெட்டியின் குரலுக்கு ஒத்துப் போகிற மாதிரி அவர் தம் குரலைக் குறைத்துப் பாடினாராம்!

விளக்கை அணைத்ததால் மட்டும் அது சோதனையாகிவிடவில்லை. சரக்கை விற்கிறவனே மேடையும் போட்டான். பாடகிக்கும் அவனே சம்பளம் கொடுத்தான். தீர்ப்பையும் அவனே அச்சிட்டு விநியோகித்தான். இது சோதனையல்ல, விளம்பரம்.

குதிரை சொன்ன கணக்கு

அதே காலத்தில் ஜெர்மனியில், பெர்லின் நகரத்தில், ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல், பெருக்கல் எல்லாம் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். சொந்தக்காரர் மோசடிக்காரரல்ல. அவரே அதை முழு மனதாக நம்பினார். 1907-ல் ஆஸ்கர் புங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார். கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியாதபடி செய்தார். அவ்வளவுதான், குதிரைக்குக் கணக்கு மறந்துவிட்டது! விடை தெரிந்தவரின் முகத்திலும் தலையிலும் தம்மையறியாமல் ஏற்படுகிற சிறு அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தி வந்தது.

ஆகவே கேட்கிறவருக்கு மட்டுமல்ல, சோதனை நடத்துகிறவருக்கும் எது ஓடுகிறது என்று தெரியக்கூடாது. நல்ல சோதனையின் முதல் விதி இது. யாருடைய கண்ணையும் துணியால் கட்டுவதில்லை. தகவலைத்தான் கட்டி வைக்கிறார்கள்.

இரண்டாவது விதி: இரண்டு பெட்டியிலும் சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். டெசிபெல் என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு கூட வித்தியாசம் வராதபடி கருவி வைத்துச் சரி செய்கிறார்கள். ஏன் இந்தக் கண்டிப்பு? சத்தம் ஒரு துளி கூடினால் 'சத்தம் கூடிவிட்டது' என்று நமக்குத் தோன்றுவதில்லை. 'இது நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். கடைக்காரன் எந்தப் பெட்டியை விற்க நினைக்கிறானோ அதன் குமிழை ஒரு மயிரிழை திருப்பி வைத்தால் போதும்.

மூன்றாவது விதி: ஒரு தடவை சரியாகச் சொன்னால் போதாது. அ ஒரு பெட்டி, ஆ ஒரு பெட்டி. மூன்றாவதாக ஒன்று ஓடும். அது அ-வா ஆ-வா என்று சொல்ல வேண்டும். காசைச் சுண்டிப் போட்டாலும் பாதிக்குப் பாதி சரியாகும் அல்லவா? அதனால் பதினாறு தடவை கேட்கிறார்கள். பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். வெறும் குத்துமதிப்பில் அப்படி நேர்வது நூற்றுக்கு நான்கு தடவைதான்.

இந்த முறை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1950-லேயே வகுக்கப்பட்டது. டேவிட் கிளார்க் என்பவர் அதற்கென்று செய்த ஒரு கருவியைப் பற்றி 1982-ல் கட்டுரை வெளியிட்டார். கேட்கிறவர் வீட்டிலேயே, தம் சொந்தப் பாட்டைப் போட்டு, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு, பித்தானை அமுக்கி மாற்றி மாற்றிக் கேட்கலாம்.

சோதனை என்ன சொல்லிற்று?

1987-ல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆம்ப்ளிபயர்களைச் சோதித்து வெளியிட்டது. இருநூற்றுச் சொச்சம் டாலர் பெட்டியும் இருந்தது. 12,000 டாலர் பெட்டியும் இருந்தது. கேட்டவர்களில் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களும் உண்டு. முடிவு? காசு சுண்டிப் போட்ட கணக்குத்தான்.

2007-ல் பாஸ்டன் நகரத்து ஒலி ஆர்வலர் சங்கத்தார் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. சாதாரண சி.டி. தட்டின் தரத்துக்கும் அதைவிட உயர்ந்தது என்று சொல்லி விற்கப்பட்ட தட்டுகளின் தரத்துக்கும் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்பது கேள்வி. மொத்தம் 554 தடவை கேட்டார்கள். சரியாகச் சொன்னது 276 தடவை. பாதிக்கு ஒன்று குறைவு! பாட்டு இல்லாத இடத்தில் சத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்தினபோது மட்டும் இரைச்சலில் வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி விட்டுவிட மாட்டோம். லண்டனில் ஜோஷுவா ரைஸ் என்ற பேராசிரியர் இதே கேள்வி பற்றி நடந்த 18 பரிசோதனைகளை 2016-ல் ஒன்று சேர்த்துக் கணக்குப் பார்த்தார். 400 பேருக்கு மேல். 12,500 தடவைக்கு மேல். மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், கூடுதலாகச் சரியான விடை வந்திருந்தது. பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்கு அறுபதையொட்டிச் சரியாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்வதும் தவறு. வித்தியாசம் உண்டு, பயிற்சி பெற்ற காதுக்குக் கூடத் தட்டுத்தடுமாறித்தான் தெரிகிறது. விளம்பரமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றல்லவா சொல்லிற்று!

இந்தத் திருத்தத்தைச் செய்தது யார்? எதிர்க்கட்சியின் வசையல்ல. அதே சோதனை முறைதான். தன் பிழையைத் தானே திருத்திக்கொள்கிற முறைக்கு இதுவே அடையாளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் விஷயத்தில் வித்தியாசம் நிச்சயமாக உண்டு. கனடாவில் பிளாய்டு டூல் என்ற விஞ்ஞானியும், பிறகு அமெரிக்காவில் அவரும் ஷான் ஆலிவும் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளில் இது நிரூபணமாயிற்று. திரைக்குப் பின்னால் வைத்தாலும் நல்ல ஸ்பீக்கரை ஜனங்கள் கண்டுபிடித்து விடுகிறார்கள். பயிற்சியில்லாதவர்களும் பெரும்பாலும் அதே ஸ்பீக்கரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 'உயர்ந்த காது' என்று தனி ஜாதி ஒன்றும் கிடையாது!

இவர்கள் 1994-ல் வெளியிட்ட சோதனை மிக முக்கியமானது. தங்கள் கம்பெனியைச் சேர்ந்த 40 பேரிடமே நான்கு ஸ்பீக்கர்களைக் கொடுத்தார்கள். முதலில் மறைத்து, பிறகு காட்டி. மறைத்தபோது நல்ல மார்க் வாங்கிய சின்ன, மலிவான ஸ்பீக்கர், கண்ணால் பார்த்ததும் மார்க்கில் இறங்கிவிட்டது. பெரிய, பளபளப்பான ஸ்பீக்கர்கள் ஏறிவிட்டன. அது மட்டுமா? ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி உண்மையாகவே மாறும். மறைத்தபோது அதைக் கண்டுகொண்டவர்களே, பார்த்தபோது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கண் திறந்ததும் காது அடைத்துப் போயிற்று!

மூல நாடா மர்மம்

2022-ம் ஆண்டில் நடந்ததையும் கேளுங்கள். கலிபோர்னியாவில் 'மொபைல் பிடலிட்டி' என்ற இசைத்தட்டுக் கம்பெனி. பழைய பாட்டுக்களின் மூல நாடாவிலிருந்து உயர்ந்த ரகத் தட்டுக்கள் செய்து விற்கிறது. கம்ப்யூட்டர் எண்களாக மாற்றிப் பதிந்த பாட்டில் ஜீவன் இல்லை, மூல நாடாவிலிருந்து நேரே வெட்டிய தட்டில்தான் ஜீவன் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்தத் தட்டுக்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' தட்டை 40,000 பிரதிகள் போடப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. சந்தேகம் பிறந்தது. அத்தனை பிரதிக்கும் மூல நாடாவை எத்தனை தரம் ஓட்டுவது? தேய்ந்து போகாதா? தொழில் தெரிந்தவர்கள் கேட்டார்கள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. 2011 முதலே பல தட்டுக்களுக்கு நடுவில் எண்ணாக மாற்றும் வேலை நடந்து வந்திருக்கிறது! வழக்கு வந்தது. 2023-ல் இரண்டரைக் கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று.

வாங்கினவர்களிடம் கம்பெனி உண்மையை மறைத்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்தாண்டுக் காலம் அந்தத் தட்டுக்களைக் கேட்டு உருகியவர்களில், "இதில் எண் கலந்திருக்கிறது" என்று காதால் கேட்டுச் சொன்னவர் யார்? பிரதிகளின் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் குட்டு வெளிப்பட்டது. காதுக்குத் தெரியாதது கணக்குக்குத் தெரிந்தது.

மறு தரப்பின் வாதம்

மறு தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம்.

"சோதனை என்று உட்கார வைத்தால் பதற்றம் வந்துவிடுகிறது. வித்தியாசம் தெரியாமல் போகிறது" என்கிறார்கள். இருக்கலாம். அதற்காகத்தான் வீட்டிலேயே, அவசரமில்லாமல், வாரக்கணக்கில் கூடக் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். தவிரவும், விலைச்சீட்டைப் பார்த்துக் கேட்கும்போது இரவும் பகலும் போலத் தெரிந்த வித்தியாசம், சீட்டை மறைத்ததும் பதற்றத்தால் ஓடிவிட்டது என்றால், அது என்ன பெரிய வித்தியாசம்?

"பாட்டு அனுபவிப்பதற்கு, பரீட்சை எழுதுவதற்கல்ல" என்கிறார்கள். இந்த வாதத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். இது உண்மை.

2008-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 20 பேருக்கு ஒரே திராட்சை மதுவை இரண்டு தடவை கொடுத்தார்கள். ஒரு தடவை விலை 10 டாலர் என்றார்கள். இன்னொரு தடவை 90 டாலர் என்றார்கள். 90 டாலர் மதுதான் ருசி என்று குடித்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இன்பத்தை உணருகிற பகுதி உண்மையாகவே அதிகம் வேலை செய்தது! பிறகு விலை சொல்லாமல் கொடுத்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

ஆகவே அந்த இன்பம் பொய்யல்ல. விலை உயர்ந்த ஒயரை மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டு உருகுகிறவர் நடிக்கவில்லை. அவரைக் கேலி செய்கிறவர்களோடு நாம் சேர மாட்டோம். இன்பம் அவருடையது. அதன் காரணம்தான் அவர் நினைக்கிற இடத்தில் இல்லை. ஒயரில் இருப்பதாக நினைக்கிறார், விலைச்சீட்டில் இருக்கிறது.

'இந்தப் பாட்டு எனக்கு இனிக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அதற்குச் சோதனை தேவையில்லை. அதைச் சோதிக்க யாருக்கும் உரிமையுமில்லை. 'இந்த ஒயர் ஒலியை மாற்றுகிறது, அதனால் 7,250 டாலர் எடு' என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிஷமே அது சோதனைக்கு உட்பட்ட சரக்காகிவிடுகிறது. இதுதான் எல்லைக்கோடு.

காதே நீதிபதி என்று பத்திரிகை துவக்கிய அந்த ஹோல்ட் என்ன சொன்னார் தெரியுமா? 2007-ல், தமது முதுமையில், அவர் மனம் திறந்து பேசினார். கண்கட்டுச் சோதனை போன்ற நேர்மையான கட்டுப்பாட்டுக்கு உட்பட மறுத்ததால்தான் இந்தத் துறை தன் மதிப்பைத் தானே கெடுத்துக்கொண்டது என்பது அவர் கருத்து. துவக்கியவரே சொன்ன தீர்ப்பு இது.

திரை யாருக்கு நன்மை செய்கிறது?

2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் 21 வயலின் வித்வான்களை ஒரு ஹோட்டல் அறைக்கு அழைத்தார்கள். இத்தாலியில் பழங்காலத்தில் செய்த மூன்று வயலின்கள். அவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி என்ற புகழ்பெற்ற கைவினைஞர் செய்தவை. இக்காலத்தில் செய்த மூன்று புது வயலின்கள். பழைய மூன்றின் மதிப்பு புதிய மூன்றைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. வித்வான்கள் கண்ணில் எதை மாட்டினார்கள் தெரியுமா? வெல்டிங் வேலைக்காரர் போடுகிற கறுப்புக் கண்ணாடியை! மரத்தின் பழைய வாசனை காட்டிக் கொடுத்துவிடாமல் இருக்கத் துளி அத்தரும் தடவினார்கள். வாசித்துப் பார்த்தவர்கள் அதிகமாக விரும்பியது ஒரு புது வயலின். கடைசி இடம் பெற்றது ஒரு ஸ்ட்ராடிவாரி. பிறகு பாரிஸில் பத்து வித்வான்களை வைத்து நடத்திய சோதனையிலும், மிகப் பிடித்தது என்று ஆறு பேர் புது வயலினைத்தான் எடுத்தார்கள்.

இன்று உயிரோடு இருந்து, கையில் காப்புக் காய்த்து, இழைப்புளி பிடித்து வேலை செய்கிற தச்சனின் வயலின், முந்நூறு ஆண்டுப் பெயருக்கு முன்னால் தலைகுனிய வேண்டியதில்லை என்பதைத்தான் அந்த வெல்டிங் கண்ணாடி காட்டிற்று.

பாஸ்டன் வாத்திய கோஷ்டி 1952-ல் ஆள் எடுக்கும்போது திரை கட்டி வாசிக்கச் சொன்னது. பின்னர் மற்றக் கோஷ்டிகளும் பின்பற்றின. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடாமல் இருக்கத் தரையில் கம்பளம் கூட விரித்தார்கள். 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் முதல்தரக் கோஷ்டிகள் ஐந்தில் பெண்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 1997-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. இந்த மாறுதலில் திரையின் பங்கு எவ்வளவு, பெண்கள் அதிகமாக மனுச் செய்ததன் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். திரை கட்டினபோது பாதிக்கப்பட்டது திறமையல்ல, சிபார்சுதான்.

நம் ஊரில் நடந்தது

பாட்டோடு நிற்கவில்லை இந்த முறை. நம் சென்னையிலேயே இதனால் ஏழைகளின் உயிர் பிழைத்திருக்கிறது.

காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு வேண்டும் என்பது அக்காலத்து நம்பிக்கை. பெரிய பெரிய டாக்டர்களின் அனுபவமும் அப்படித்தான் சொல்லிற்று. படுக்கையோ போதாது. ஓய்வெடுத்தால் கூலிக்காரன் வீட்டில் உலை வைப்பது யார்?

1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி தங்கள் குடிசையிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து. எக்ஸ்-ரே படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நிபுணருக்கு, எந்தப் படம் எந்தக் கட்சி நோயாளியுடையது என்று தெரியாது. 1959-ல் முடிவு வெளிவந்தது. அரைவயிற்றுக் கஞ்சி குடித்து, நெருக்கடியான வீட்டில் இருந்துகொண்டு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்திய முறையை மாற்றிய முடிவு இது.

டாக்டர்களின் உணர்வை மட்டும் நம்பியிருந்தால், படுக்கைக்குக் காத்திருந்தே பல ஆயிரம் பேர் செத்திருப்பார்கள்.

முத்திரை மரக்கால்

இதெல்லாம் நமக்குப் புதிதா? ஆலையில் நூலைக் கையால் தடவி "நாற்பதாம் நம்பர் போல இருக்கிறது" என்று தேர்ந்த தொழிலாளி சொல்லுவான்; பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டம் என்று எடை போட்டுத்தான் நம்பர் தீர்மானமாகும். கையை அவமதிப்பதற்காக அல்ல, கைக்குச் சாட்சியாக.

களத்துமேட்டில் கூலி நெல் அளக்கும்போது மிராசுதாருக்கு மரக்கால் எப்போதும் நிறைந்தே தெரிந்தது. கூலிக்காரனுக்குக் குறைந்தே தெரிந்தது. யார் உணர்வு சரி? அதைப் பேசிப் பயனில்லை என்று கண்டுதான் தஞ்சைக் கூலி விவசாயிகள் முத்திரை மரக்கால் வேண்டும் என்று கேட்டார்கள். அளக்கிற கைக்குக் கட்டுப்படாத அளவு வேண்டும் என்று கேட்டார்கள். கண்கட்டுச் சோதனையும் ஒரு முத்திரை மரக்கால்தான்.

ஆகவே தோழர்களே! இரவில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பழைய ரேடியோவிலோ செல்போனிலோ பிடித்த பாட்டைக் கேட்டு நீங்கள் அடைகிற இன்பம் யாருடைய இன்பத்துக்கும் குறைந்ததல்ல. அதற்கு யாரும் சர்ட்டிபிகேட் தர வேண்டியதில்லை. அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதுமில்லை. ஆனால் ஒருவன் வந்து, "உன் காதுக்குக் குறை, என் சரக்கை வாங்கினால் நிறையும்" என்று பணம் கேட்டால், அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"பெயரையும் விலையையும் மறைத்து வைத்துக் காட்டுவாயா?"

காட்டுகிறேன் என்றால் உட்கார்ந்து கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால், பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வாருங்கள். பாட்டு அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறது.